கூப்பிடு தூரம்

எங்கள் வீடு நிலத்தின் நட்டநடுவில் இருந்தது. நட்டநடு என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஹால்வோர் வண்டிச் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே நான்கு எல்லைக்கும் போய்வந்தான். கடைசியில் ஒரு குச்சியை நட்டு, "இங்கதான்" என்றான். அந்தக் குச்சியைச் சுற்றி ஒரு மரம் இல்லை, ஒரு மேடு இல்லை, காற்றுக்கு மறைவாக ஒரு புதர்கூட இல்லை. இங்கே எதற்கு என்று கேட்டேன். "இதுதான் நடு" என்றான். ஆறு வருஷமாக அதற்குமேல் ஒரு பதிலை அவன் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஹால்வோரின் அப்பா கடலுக்கு அந்தப்பக்கம், எங்கள் பழைய நாட்டில், தெலெமார்க்கில் ஒரு பண்ணைக்காரரின் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டுப் பிழைத்தவர். குடிசைக்கு வாடகை உழைப்புதான். பண்ணைக்காரர் தன் வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் இவர்கள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். அந்தக் குரல் காதில் விழுகிற தூரத்தில்தான் குடிசை போடவே விடுவார்களாம். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிவிட்டு ஹால்வோர் அழுதான். யார் கூப்பிட்டாலும் காதில் விழாத இடத்தில் வாழ்வதுதான் அவனுக்கு அமெரிக்கா.

புரிகிறது. புரிந்து நான் என்ன செய்ய? காலையில் ஏரைக் கட்டிக்கொண்டு போகிறவன் அவன். அவனுக்கு நாலு எல்லையும் பார்க்கக் கிடைக்கும், வானம் கிடைக்கும், தன் நிலம் என்கிற நினைப்பு கிடைக்கும். எனக்குக் கிடைப்பது காற்று. கதவைத் திறந்தால் காற்று, மூடினால் கதவிடுக்கில் காற்று. பிள்ளைகள் குரோவிடமும் யோனிடமும் பேசிப் பேசி நானே எட்டு வயசுப் பேச்சும் மூணு வயசுப் பேச்சும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

எங்களுக்கு அக்கம்பக்கம் என்றால் பெர்கித் ஒருத்திதான். நான்கு பேர் நிலம் ஒன்றாக முட்டுகிற வடகிழக்கு மூலையில் அவள் வீடு. நான்கு பேரும் மூலைக்கு மூலை வீடு கட்டினால் ஒரு சின்ன ஊரே ஆகிவிடும், ஒரு கிணறு போதும், பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் என்று கணக்குப் போட்டு அங்கே கட்டினாள். மற்ற இரண்டு நிலத்துக்கும் ஆளே வரவில்லை. எங்களுக்கோ அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஒரு பங்கு போதாமல், மரம் நட்டு வளர்ப்பதாக எழுதிக்கொடுத்து இன்னொரு பங்கும் ஹால்வோர் வாங்கியிருந்தான். நட்ட மரங்களில் ஒன்றுதான் பிழைத்தது. ஆனால் எங்களுக்கும் பெர்கித்துக்கும் நடுவே தூரம் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

"ஆளு வரும்னு நம்பித்தாண்டி இங்க கட்டினேன்" என்பாள் பெர்கித். "வந்தது முயல்தான். அதுவும் முட்டைக்கோசைத் தின்னுட்டுப் போயிடுது, ஒரு வார்த்தை பேசறதில்ல."

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அவள் வீட்டுப் புகை தெரியும். இடையில் ஒரு பள்ளம். பள்ளத்தில் சதுப்பு, சதுப்பில் ஆள் உயரத்துக்கு நாணல். ஹால்வோர் சொல்லுவான், இந்தப் புல்வெளியில் சத்தம் நன்றாகப் போகும், ஏதாவது என்றால் வாசலில் நின்று கத்து, பெர்கித்துக்குக் கேட்கும் என்று. அவன் ஒரு நாளும் கத்திப் பார்த்ததில்லை. நானும் ஒரு மடச்சி, நம்பினேன்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் அவன் கதிரடிக்கும் கூட்டத்தோடு தெற்கே போயிருந்தபோது எனக்கு நாள் நெருங்குமுன்பே வலி கண்டுவிட்டது. காலையில் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தேன். பெர்கித் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகு பெயர் இல்லாமல் வெறுமனே கத்தினேன். மத்தியானத்துக்குமேல் குரோவைக் கூப்பிட்டு, புகை தெரிகிறது பார், அதைப் பார்த்துக்கொண்டே போ என்று அனுப்பினேன். பள்ளத்தில் இறங்கியதும் நாணல் அவள் தலைக்குமேல் போய்விட்டது. புகை எங்கே தெரியும்? உள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்து, பொழுது சாயும்போது சால்வையைத் தொலைத்துவிட்டு, கால் முழுக்கச் சேற்றோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து நின்றாள். அதற்குள் பிறந்தாகிவிட்டது. ஆண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எடுத்துவிட எனக்குத் தெரியும். கை எட்டவில்லை.

பிழைத்த அந்த ஒற்றை மரத்தடியில் ஹால்வோர் வந்து அவனைப் புதைத்தான். கர்த்தரின் சித்தம் என்றான். கர்த்தருக்குக் கேட்டிருக்கும், பெர்கித்துக்குத்தான் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். அதற்கு அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

இந்த வருஷம் வசந்தத்தில் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிறக்கும். அன்றைக்கே ஆரம்பித்தேன்.

"வீட்டை பெர்கித் பக்கம் தள்ளிடலாம், ஹால்வோர்."

"வீடென்ன நாற்காலியா, தள்ளறதுக்கு?"

"போன வருஷம் ரயில் பாதை ஊரை விட்டுத் தள்ளிப் போனதும் ஊர்க் கடை, பட்டறை எல்லாத்தையும் அது பக்கம் மாட்டைக் கட்டி இழுத்துட்டுப் போகல? நீயும்தானே போய் இழுத்த?"

"அது கடை. இது வீடு."

"கடைக்கு அடியில மட்டும் சக்கரம் இருந்துதா?"

"இங்க பாரு ராக்னா. இந்தத் தடவை நான் கூடவே இருப்பேன். போதுமா?"

போதாது என்றேன். விதைப்பு நேரத்தில் சொன்னேன், அப்புறம் என்றான். புல் அறுக்கும்போது சொன்னேன், இப்போதா என்றான். அறுவடையில் சொன்னேன், என்னைப் பார்க்கவே இல்லை. பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர், அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார். அவருக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்த கையைத்தான் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் கதிரடிக்கும் கூட்டம் வந்து வாசலில் நின்றது. ஹால்வோர் குதிரைகளைப் பூட்டினான்.

"கூடவே இருப்பேன்னு சொன்ன."

"முதல் பனி விழறதுக்குள்ள வந்திடுவேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன."

"பையனுக்குப் பூட்ஸ் வேணாமா? உனக்கு மாவு வேணாமா? என்னை என்னதான் பண்ணச் சொல்ற? ஏதாவதுன்னா சத்தம் போட்டுக் கூப்பிடு. கேக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் கிடைத்தது மாவு கிளறிய கரண்டி. எறியவில்லை. எறிந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

முதல் பனி விழுந்தது. ஹால்வோர் வரவில்லை. இரண்டாம் பனியும் விழுந்து இறுகிப்போன பிறகு ஒரு நாள் காலையில் பெர்கித் நடந்து வந்தாள். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை இறங்கிவிட்டது என்றாள்.

"நீ என் வீட்டுக்கு வந்திடேண்டி."

"மாட்டை யாரு பாக்கறது? கோழி? உருளைக்கிழங்கெல்லாம் உறைஞ்சு போயிடும். அங்க உங்களுக்கே படுக்க இடமில்ல. அதுவுமில்லாம, அக்கா, இந்த ஒரு தடவை வந்துடறேன். அடுத்த தடவை?"

"அடுத்த தடவை வேறயா? உனக்கு இன்னும் அலுக்கலையா?"

"எனக்கு அலுத்து என்ன, அக்கா? அவனுக்கு அலுக்கணுமே."

பெர்கித் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். இரண்டு அறைப் பலகை வீடு, கற்கள்மேல் உட்கார்ந்திருந்தது. முதலில் புல்லோடு வெட்டின மண்கட்டிகளால் கட்டிய வீட்டை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு கோடைக்கு முன்னால்தான் இதற்கு வந்திருந்தோம். பெர்கித் குனிந்து அடியில் எட்டிப்பார்த்தாள். பனியைக் காலால் உதைத்துப் பார்த்தாள்.

"உங்க எருது ரெண்டு. எங்க எருது ரெண்டு. தரை இறுகித்தான் கெடக்கு" என்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டை நாங்களே இழுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

பெர்கித்தின் புருஷன் ஸ்வெய்னுக்குக் கோடையில் வண்டி ஏறிக் கால் முறிந்ததால் அவன் கூட்டத்தோடு போகாமல் வீட்டில் இருந்தான். ஓடையோரத்தில் வெட்டிப்போட்டிருந்த இரண்டு நீள மரங்களை எடுத்து, சறுக்குக் கட்டைக்குத் தோதாக நுனியைச் சீவிக் கொடுத்தவன் அவன்தான். சீவும்போது என்னிடம் சொன்னான்:

"நான் விறகு வெட்டறேன், தெரிஞ்சுக்கம்மா. வேற எதுவும் எனக்குத் தெரியாது. நாளைக்கு ஹால்வோர் கேட்டா, விறகுதான் வெட்டினேன்னு சொல்லுவேன்."

"இவ்வளவு வழவழன்னு யாரு அண்ணே விறகு வெட்டுவாங்க?"

"எனக்கு வேலை சுத்தமா இருக்கணும்."

நெம்பித் தூக்கினது நானும் பெர்கித்தும். நிறைமாதக்காரி நெம்பலாமா என்று கேட்பவர்கள் எனக்குப் பதிலாக வந்து நெம்பியிருக்கலாம். ஒரு மூலையைத் தூக்குவோம், குரோ ஓடிப்போய்க் கட்டையைச் செருகுவாள். அடுத்த மூலை. அடுப்பை அணைத்து, புகைக்குழாயைக் கழற்றி, பீங்கான்களை மெத்தைக்குள் வைக்கோல் போட்டுச் சுருட்டினேன். யோன் ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்று ஒரே அழுகை. அவனைப் பிடித்துக் கோழிக்கூடையோடு ஸ்வெய்னின் சறுக்குவண்டியில் உட்கார வைத்தோம்.

எருதுகள் இழுத்தன. வீடு ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. ஆறு வருஷத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். பலகை கிரீச்சிட, பனி நொறுங்க, என் வீடு அந்தப் பாழாய்ப்போன நடுவை விட்டுப் போனது. நான் பின்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சிரித்தேனா, அழுதேனா, குரோவைத்தான் கேட்க வேண்டும்.

பள்ளம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. சதுப்பு கல்லாய் உறைந்திருக்கும் என்று நினைத்தோம். நாணல் அடியில் பனி மெத்தை போட்டதுபோல் கிடந்தால் தரை உறையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் மறந்தோம். இடப்பக்கக் கட்டை மேலோட்டை உடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கியது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அடித்துப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், எருதுகள் முட்டிபோட்டதுதான் மிச்சம்.

"இன்னும் ரெண்டு சோடி வேணும்" என்றாள் பெர்கித், பனியில் உட்கார்ந்து. "இல்ல, ஒரு சோடி குதிரையாவது."

குதிரைகள் ஹால்வோரிடம்.

ஆக, நடுவிலும் இல்லாமல் மூலையிலும் இல்லாமல் சதுப்புக்குள் நான் குடித்தனம் வைத்தேன். அடுப்பு சாய்ந்திருந்தது. கஞ்சி ஒரு பக்கம் பொங்கி வழியும், மறுபக்கம் வேகாது. மேஜையில் கிண்ணத்தை வைத்தால் தானாக யோனிடம் போய்விடும், அவனுக்கு ஒரே குஷி. கதவு மூடவில்லை, மாட்டுத்தோலைத் தொங்கவிட்டேன். மாட்டைப் பார்க்கப் பழைய இடத்துக்குப் போகணும், தண்ணீருக்கு பெர்கித்திடம் போகணும், இரண்டு பக்கமும் ஏற்றம். பெர்கித்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன், காற்று எதிரே அடித்தது, அவள் வரவில்லை. இதற்கா இத்தனை பாடு என்று ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். குரோ மாட்டுத்தோலைத் தூக்கி எட்டிப்பார்த்து, "அம்மா, அப்பா வந்துட்டாரு" என்றாள்.

வெளியே வந்தேன். மேட்டுமேல், பழைய இடத்தில், குதிரைகள் நின்றன. ஹால்வோர் இறங்கி நின்றான். வீடு இருந்த இடத்தில் நாலு மூலைக்கற்களும் அடியில் வெட்டியிருந்த உருளைக்கிழங்குக் குழியும்தான் இருந்தன. வீடு சறுக்கின தடத்தை முந்தின நாள் பெய்த பனி மூடியிருந்தது. பள்ளத்தில் அந்தப் பக்கம் அடர்ந்திருந்த நாணலும் கூரைமேல் விழுந்த பனியும் எங்களை மறைத்திருந்தன, அடுப்பும் அணைந்து புகை இல்லாமல் கிடந்தது.

"அப்பா எதுக்கும்மா தொப்பியைக் கழட்டறாரு?" என்று குரோ கேட்டாள்.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்படியே நின்றான். பிறகு குழி ஓரத்தில் மண்டியிட்டு உள்ளே குனிந்து பார்த்தான். வாயருகே கையைக் குவித்தது இங்கிருந்தே தெரிந்தது, எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான். எனக்குக் கேட்கவில்லை. நான் கையாட்டவும் இல்லை. நிற்கட்டும், ஒரு நிமிஷம் நின்று பார்க்கட்டும் என்று விட்டேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. குரோதான் தாங்கமாட்டாமல் அவனிடம் ஓடினாள்.

அவன் பள்ளத்தில் இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. எங்களைத் தொட்டுப் பார்த்து முடித்ததும் சிவந்தது.

"யாரு பண்ணினது இதை?"

"நான்."

"யாரைக் கேட்டுப் பண்ணின?"

"உன்னைத்தான். வசந்தத்துல கேட்டேன், கோடையில கேட்டேன், நீ வண்டி ஏறினப்பவும் கேட்டேன். பதில் வரல. சரின்னு எடுத்துக்கிட்டேன்."

"வீடு சாஞ்சு கெடக்குது, ராக்னா!"

"அப்படியா? நான் கவனிக்கவே இல்ல."

"குதிரையைக் கட்டி இப்பவே பழைய இடத்துக்கு இழுத்துட்டுப் போறேன் பாரு."

"இழு. வீட்டை மட்டும் இழு. நானும் பிள்ளைங்களும் இங்கயே நிக்கறோம். இந்த நாணல்லயே பெத்துப் போடறேன், போதுமா?"

"எதுக்கு இப்படிப் பேசற? அங்க நமக்கு என்ன கொறைச்சல்? யாரு தொந்தரவும் இல்லாம..."

"யாரும் இல்லாம! அதைச் சொல்லு. யாரும் இல்லாம! உங்க பண்ணைக்காரன் இருக்கறது கடலுக்கு அந்தப்பக்கம், ஹால்வோர். அவன் கூப்பிடறது இங்க கேக்காது. அவன் கூப்பிடக்கூடாதுன்னு நான் கூப்பிடறதும் யாருக்கும் கேக்காத எடத்துல என்னைக் கொண்டுபோய் வெச்சிருக்க."

அந்தப் பேச்சை நான் அதுவரை எடுத்ததில்லை. ஆனால் பிடிவாதக்காரன் பிடித்துக்கொள்ளும் ஒரே முளையைப் பிடித்துக்கொண்டான்.

"கேக்கும். அங்கருந்தே கேக்கும். இங்கருந்து கேக்காம என்ன? நான் போய் பெர்கித் வாசல்ல நிக்கறேன். நீ கத்து. கேட்டா வீடு மேட்டுக்குத் திரும்பிப் போகுது. சரிதானா?"

"கேக்கலைன்னா?"

"கேக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் ஏறி அந்தப் பக்கம் போய்ச் சின்னதாய்த் தெரியும்வரை காத்திருந்தேன். அவன் கையைத் தூக்கினான். சாய்ந்த வாசற்படியில் நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஹால்வோர் என்று கத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி கத்தினேன். பெயரை மட்டும் கத்தினால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் வாய் திறந்தபிறகு மூட முடியவில்லை. நடுவைப் பற்றிக் கத்தினேன். காற்றைப் பற்றி, பாதிரியாரைப் பற்றி, பட்டுப்போன மரங்களைப் பற்றி. கூடவே இருப்பேன் என்று சொன்னாயே என்று கத்தினேன். மரத்தடியில் கிடக்கிறவனுக்குப் பேர் வைக்கக்கூட நீ இல்லையேடா என்று கத்தினேன். குரோ காதைப் பொத்திக்கொண்டு யோனை உள்ளே இழுத்துப்போனாள். கத்தக் கத்த வயிறு இறுகி, நான் குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். கடைசியில் தொண்டையில் ஏதோ கிழிந்ததுபோல் இருந்தது. சத்தம் நின்று காற்று மட்டும் வந்தது.

அந்தப்பக்கம் நடந்ததைப் பிறகு பெர்கித் சொன்னாள். ஹால்வோர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றானாம். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்டானாம்.

"எப்பவோ தொடங்கிட்டா" என்றாளாம் பெர்கித். "கண்ணு இல்லையா உனக்கு? பாரு, குனிஞ்சு குனிஞ்சு கத்தறா."

"காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது."

"போன வருஷமும் எதிர்ப்பக்கந்தான் அடிச்சுது."

அதற்குப் பிறகு நான் நிறுத்தும்வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றானாம்.

திரும்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. ஸ்வெய்னும் நொண்டிக்கொண்டே எருதுகளோடு பின்னால் வந்தான். ஹால்வோர் கட்டைக்கு அடியில் கை விட்டுச் சேற்றைத் தொட்டுப் பார்த்தான். நாணலை அறுத்துக் கத்தைகட்டி அடியில் திணித்தான், நெம்புகோலை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தான், குதிரைகளை முன்னால் கட்டினான், எருதுகளைப் பின்னால் கட்டினான். நாங்கள் நாள் முழுக்க அழுது புரண்ட இடத்தை விட்டு வீடு கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்து எனக்கு எரிந்த எரிச்சல் சொல்லி மாளாது. ஒரு காலைப்பொழுது வேலை. ஒரு காலைப்பொழுது! இதற்குத்தானா வசந்தத்திலிருந்து இவன் கால் பிடித்துக் கெஞ்சினேன்?

சங்கிலி பெர்கித் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தது. ஆனால் ஹால்வோர் ஹால்வோர்தான். மேடு ஏறினதும் எருதுகளை நிறுத்தினான்.

"இது போதும்" என்றான். "இங்கருந்து கேக்கும். இங்கருந்து கேக்காம இருக்க முடியாது. ஸ்வெய்ன், நீ போய் உன் வீட்டு வாசல்ல நில்லு."

பெர்கித்தின் வீடு இன்னும் கணிசமான தூரத்தில் இருந்தது. ஒரு அடிகூட அநாவசியமாக விட்டுக்கொடுக்கமாட்டான் என் புருஷன். ஸ்வெய்ன் முனகிக்கொண்டே போய் நின்றான். நான் வாய் திறந்தேன். கீச்சென்று ஏதோ வந்தது. ஸ்வெய்ன் கையை விரித்தான்.

ஹால்வோர் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு வீட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து நிறுத்தினான். நான் கத்தினேன். ஸ்வெய்ன் கையை விரித்தான். இன்னும் கொஞ்சம். ஸ்வெய்ன் தலையை ஆட்டினான். எருதுகளுக்கே அலுத்துவிட்டது.

"சத்தமாக் கூப்பிடேன்!" என்று ஹால்வோர் என்மேல் பாய்ந்தான். "வேணும்னே பண்றியா? காலையில அப்படிக் கத்தினவ, இப்ப என்ன கோழிக்குஞ்சு மாதிரி?"

"இவ்வளவுதான் இருக்கு" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் காதில் சொன்னேன்: "காலையிலருந்து கத்தினா இவ்வளவுதான் மிஞ்சும். போன வருஷம் அவன் பொறக்கறப்போ எங்கிட்ட மிஞ்சியிருந்ததும் இந்தக் குரல்தான்."

அவன் நிமிரவில்லை. என் வாய்க்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது வருமா என்பதுபோல நின்றான். எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது, குரல்தான் இல்லை. பிறகு அவன் எருதுகளிடம் போனான். நுகத்தடியைத் தட்டினான். வீடு நகர்ந்தது. அதற்குப் பிறகு அவன் எங்கும் நிறுத்தவில்லை, என்னைக் கத்திப் பார்க்கவும் சொல்லவில்லை. பெர்கித் தன் வாசலிலிருந்து கையை அசைத்து, "போதும்டா, போதும்! என் அடுப்புக்குள்ள கொண்டுவந்து வெக்கப்போறியா?" என்று கூச்சல் போடும்வரைக்கும் இழுத்துக்கொண்டே போனான்.